கழிமுகத்தை மறந்த கடல் விதிகள்

தனிப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிப்பதற்கென்று 2025 நவம்பரில் மத்திய அரசு பிரசுரித்த விதிகளைப் பற்றி, காசிமேட்டு ஏலத்தளத்திலிருந்து எண்ணூர்க் குப்பங்கள் வரையில் நடந்துவரும் வாதப் பிரதிவாதங்களை வாசகர்கள் அறிவார்கள். 12 கடல் மைலுக்கு அப்பால் செல்லும் விசைப்படகுகளும் பெரிய மோட்டார் படகுகளும் இணையதளத்தில் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்றும், சிறு மீனவர்களுக்கு விலக்கு உண்டு என்றும், கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை என்றும் அவை சொல்கின்றன. விளக்கு வெளிச்சத்தில் பிடிப்பதையும் இரட்டைமடி இழுப்பதையும் தடுத்திருப்பது நியாயமே. அதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. ஆனால் இறாலை நம்பி ஜீவனம் நடத்துகிற வடசென்னைக் கரைக்கு இந்த உத்தரவினால் ஒரு படி இறால்கூட அதிகம் கிடைக்கப் போவதில்லை என்பதையும், கிடைக்காமற் போனதற்கான காரணம் இந்த உத்தரவை எழுதியவர்களின் கண்ணில் படவே இல்லை என்பதையும் சொல்லாதிருக்க முடியவில்லை.

வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. ஆனால் வளர்வது கடலில் அன்று. முட்டையிலிருந்து வெளிவந்த நுண்ணிய குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரத்துக்குள் நுழைந்து, உவர்நீரும் சேறும் அலையாத்திச் செடிகளும் உள்ள கழிமுகத்தில் சில மாதம் தின்று வளர்ந்து, பிறகே கடலுக்குத் திரும்புகின்றன. காசிமேட்டு லாஞ்சுகளின் மடியில் விழுகிற வெள்ளை இறால் இப்படி ஏதோ ஒரு கழிமுகத்தில் வளர்ந்ததுதான். இந்தக் கரைக்கு அந்தக் கழிமுகம் எண்ணூர். மணலிக்கு அப்பால், கொசஸ்தலையாற்றின் தாழ்நிலத்தில் கிடக்கும் சடையங்குப்பத்தின் இருளர் குடும்பங்களுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்த செய்தியல்ல. படகும் வலையும் இன்றி, கழுத்தளவு நீரில் நகர்ந்து, இரு கைவிரல்களாலும் சேற்றைத் தடவி, அகப்பட்ட இறாலைப் பல்லில் கவ்விய பறிக்குள் போடும் தொழில் அது. விரல் தொடும் சேறு வழவழப்பாக இருந்தால் இறால் உண்டு. சாம்பல் படிந்து சொரசொரத்தால் இல்லை. இந்த மனிதர்களுக்கு அனுமதிச் சீட்டும் கிடையாது, விலக்கும் கிடையாது; விதியெழுதியவர்களின் கணக்கில் அவர்கள் மீனவர்களாகவே தோன்றியிருக்க மாட்டார்கள்.

அந்தச் சேற்றுக்கு நேர்ந்தது என்ன? அனல்மின் நிலையத்தின் சாம்பல் ஆண்டுக்கணக்கில் குழாய்களிலிருந்து கசிந்து கழிமுகத்தின் ஆழத்தையே தூர்த்தது. அதன் வெந்நீரும் அதில் கலக்கிறது. 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை வரைபடத்தில் ஓதநீர்ப் பரப்பாகக் காட்டப்பட்டிருந்த இந்தக் கழிமுகம், பிற்பாடு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளிவந்த வேறொரு வரைபடத்தில் அறவே காணாமற்போயிருந்தது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, பாதகம் ஒன்றுமில்லை என்று முதலில் சொன்னார்கள்; பிறகு கரையொதுங்கிய எண்ணெய்க் குழம்பை வாளி வாளியாக மனிதக் கைகளே அள்ளின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகம் முழுவதும் கருமையாகப் படிந்தபோது, வலைகள் பாழாயின, படகுகளைச் சுரண்ட வேண்டியதாயிற்று. நிவாரணத் தொகை வந்தது. இறால் திரும்பி வந்ததா என்று பார்க்க யாரும் வரவில்லை.

இவ்வளவையும் நடக்கவிட்டு, கடல் வளத்துக்குப் பாதுகாப்பு என்று சொல்லிப் படகுக்காரனிடம் சீட்டுக் கேட்பது அநீதி. கடலைப் பற்றித் தீர்மானிப்பவர்களின் பூர்வோத்தரத்தை எண்ணிப் பார்த்தால் நம் ஆத்திரம் இன்னும் வளர்கிறது. எழுபதுகளின் பிற்பகுதியில் சென்னைக் கரையில் கட்டுமரக்காரர்களும் விசைப்படகுக்காரர்களும் மோதிக்கொண்டு, படகுகள் எரிந்து, உயிர்ச்சேதமும் நேர்ந்த பிறகே, கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் 1983ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. முதலில் 3 கடல் மைலும், பிறகு 5 கடல் மைலும் சிறு தொழிலாளருக்கென்று ஏட்டில் ஒதுக்கப்பட்டன; 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோதுதான், அந்த எல்லைக்குள் இழுவலைகள் எப்படி ஓடின என்று கேட்கவே சிலருக்குத் தோன்றியது. 1991இல் ஆழ்கடலை அந்நியக் கூட்டுக் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டு, நாடெங்கும் மீனவர் கிளர்ந்தெழுந்த பின் அதை ஆராய முராரி தலைமையில் ஒரு குழுவை அமைத்து, அந்த உரிமங்களை ரத்து செய்யச் சொன்ன அதன் அறிக்கையை 1996இல் வாங்கிக்கொண்டு, 2002இல் வேறு பெயருள்ள அனுமதிக் கடிதத்தோடு அதே கதவை மறுபடியும் திறந்தவர்கள், அதை மூடுவதற்கு 2017 வரை காலம் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு காகிதம் வருகிறது. அது பிழையென்று தெரிவதற்குள் ஒரு தலைமுறையின் தொழில் போய்விடுகிறது. பொறுப்பேற்றவர் ஒருவர்கூட இல்லை.

இந்த விதிகளை மீண்டும் பரிசீலிக்க வேண்டும். கரையில் வாழ்பவர்களை, படகுள்ளவரையும் பறி மட்டுமே உள்ளவரையும் ஒருங்கே அழைத்து உட்காரவைத்து, முகத்துவாரத்திலிருந்து தொடங்கும் ஓர் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். அதன் விவரங்களை வகுக்க அறிவாளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கரையில் கட்டிப்போடச் செய்கிற அரசாங்கத்துக்கு, அதே 61 நாளாவது கழிமுகத்தில் சாம்பலையும் எண்ணெயையும் விடாதே என்று ஆலைகளுக்குக் கட்டளையிட அதிகாரம் இல்லை என்றால், அதை நாம் நம்பத் தயாராயில்லை.