முகவரி தப்பினால் பெட்ரோல் யார் காசு?

602001, 601201, 610001. இந்த மூணு எண்ணையும் ஒருமுறை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. முதலாவது திருவள்ளூர். ரெண்டாவது கும்மிடிப்பூண்டி. மூணாவது, எங்கேயோ டெல்டாவுல இருக்கிற திருவாரூர். ராத்திரி பதினோரு மணிக்கு, ஆஃபர் முடியறதுக்குள்ள அவசரமா ஆர்டர் போடுற விரல் இதுல ஒரு எண்ணை மாத்தி அழுத்திட்டா நமக்குப் பெருசா ஒண்ணும் ஆகிடாது. பார்சல் ரெண்டு நாள் தள்ளி வரும். நாலு திட்டு திட்டி, ஒத்தை ஸ்டார் போட்டுட்டுத் தூங்கிடுவோம். அந்த ஒத்தை ஸ்டார் யார் தலையில விழுதுங்கிறதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசணும்.

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்தான். ஆனா ரயில்ல போகணும்னா சென்னை வரைக்கும் வந்து வண்டி மாறித்தான் ஆகணும். ஒண்ணு அரக்கோணம் தடம், இன்னொண்ணு கூடூர் தடம். ரோட்டுல போனாலும் ஐம்பது கிலோமீட்டர் பக்கம் வரும். அதனால "கும்மிடிப்பூண்டி சிப்காட்"னு எழுதி திருவள்ளூர் பின்கோடு போட்ட பார்சல், திருவள்ளூர்ப் பையனோட பையில வந்து விழுந்தா, அவனால அதைக் கொடுக்கவே முடியாது. போன் பண்ணி விளக்கணும், திட்டு வாங்கணும், சாயங்காலம் கிடங்குல திருப்பி ஒப்படைக்கணும். பல இடங்கள்ல கொடுத்து முடிச்ச பார்சலுக்குத்தான் காசு. இதுக்கு பூஜ்யம்.

பின்கோடு சரியா இருந்தா மட்டும் வேலை முடிஞ்சுதா? அங்கேதான் பெட்ரோல் செலவே ஆரம்பிக்குது.

கும்மிடிப்பூண்டியில "சிப்காட்"னு மட்டும் எழுதினா எது? பழைய தொழில் வளாகமா, மேற்கே தள்ளி அதே தாலுகாவுல இருக்கிற தேர்வாய்க்கண்டிகை பூங்காவா? புதுகும்மிடிப்பூண்டியிலயும் பெத்திக்குப்பத்துலயும் சிந்தலக்குப்பத்துலயும் வரிசையா கட்டியிருக்கிற பத்துக்குப் பத்து வாடகை ரூம்களுக்கு எத்தனைக்குக் கதவு எண் இருக்கு? பீகார்ல இருந்தும் ஒடிசாவுல இருந்தும் ஜார்க்கண்ட்ல இருந்தும் வந்து, நாலு பேர், ஆறு பேர்னு தங்கியிருக்கிற தொழிலாளி தன் முகவரியை எப்படி எழுதுவார்? ஹவுஸ் ஓனர் பேரு, "வாட்டர் டேங்க் பக்கத்துல", ஒரு செல் நம்பர். தெருவுக்குப் பேரே வைக்காம மனை போட்டு வித்தவனை விட்டுட்டு அந்தத் தொழிலாளியைக் குறை சொல்றதுல நியாயம் இல்ல. அவருக்கே யாரும் அந்தத் தெருப் பேரைச் சொல்லித் தரல.

சரி, லொகேஷன் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா ஆர்டர் போட்டது கம்பெனி கேட்டுக்கு வெளியே டீ குடிக்கிற நேரத்துல. அதனால புள்ளி டீக்கடையைக் காட்டும். பார்சல் போக வேண்டியது ரூமுக்கு. டெலிவரி தம்பி போன் அடிச்சா சுவிட்ச் ஆஃப். ஏன்னா ஷிப்டுக்கு உள்ளே போகும்போது செல்போனை வாங்கி வைக்கிற கம்பெனிகள் நிறைய. காலை ஆறுக்கு உள்ளே போனவர் ரெண்டு மணிக்குத்தான் போனைக் கையில எடுப்பார். பார்சலைக் கொடுக்க ஓடிபி வேணும். ஓடிபி இருக்கிறது லாக்கருக்குள்ள பூட்டிக் கிடக்கிற போன்ல! செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார், வாங்கியும் வைக்கமாட்டார். அவரைச் சொல்லியும் குத்தம் இல்ல, அவரும் கான்ட்ராக்ட் ஆளுதான்.

அப்புறம் ரெண்டு மணிக்கு மறுபடி வரணும். அதே பார்சலுக்கு ரெண்டாவது பயணம். இதுல மொழி வேற. ஆந்திர எல்லை ஓரம் இது. ஆரம்பாக்கம் தாண்டினா தடா. அதனால ஒரு போனுக்கு தமிழ், அடுத்த போனுக்கு "எக்கட உன்னாரு", அதுக்கடுத்த போனுக்கு "பையா, கிதர் ஹை"ன்னு மூணு மொழியில வழி கேட்டுப் பழகிட்டாங்க நம்ம பசங்க. மும்மொழிக் கொள்கை பத்தி டெல்லியில பேசுறவங்க ஒருநாள் ஜிஎன்டி ரோட்டுல வந்து நிக்கலாம்.

வாடிக்கையாளர் குறிப்புன்னு ஒரு பெட்டி இருக்கில்ல, அதுல வர்றதைக் கேட்டா சிரிப்பும் வரும், மனசும் கனக்கும். "பெல் அடிக்காதீங்க, குழந்தை தூங்குது." "நாய் இருக்கு, கேட்டுக்கு வெளியவே நின்னு கூப்பிடுங்க." "மாடியில இருந்து கூடை இறக்குறேன், அதுல போட்டுடுங்க." "ஈபி மீட்டர் பெட்டி மேல வைங்க." "பக்கத்து வீட்டு அக்காகிட்ட கொடுங்க, ஆனா என்ன பார்சல்னு சொல்லாதீங்க." "வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது, தெருமுனைக்கு வாங்க." நைட் ஷிப்ட் முடிச்சுட்டுப் படுத்திருக்கிறவர், "மத்தியானம் ஒரு மணிக்கு முன்னாடி கதவைத் தட்டவே தட்டாதீங்க"ன்னு எழுதியிருப்பார். இதெல்லாம் நியாயமான ஆசைகள்தான், தோழர்களே. ராத்திரி முழுக்க மெஷின்ல நின்ன மனுஷன் தூங்கணும்னு கேக்குறது தப்பா? ஆனா மீட்டர் பெட்டி மேல வெச்ச பார்சல் காணாமப் போனா யார் பதில் சொல்றது? வைக்கச் சொன்னவரா, அந்தப் பெட்டியைச் செயலியில வெச்ச கம்பெனியா? ரெண்டு பேரும் இல்ல. வெச்ச கை எதுவோ அதோட சம்பளத்துலதான் பிடிக்கிறாங்கன்னு பல டெலிவரி தோழர்கள் சொல்றாங்க.

இதுல ஒரு பழைய கதையைச் சொல்லணும். நம்ம நாட்டுல பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர்ங்கிற தபால் துறை அதிகாரி கொண்டுவந்தது. ஒரே பேர்ல பல ஊர், பல மொழியில எழுதுற முகவரி, இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஆறு எண். முதல் எண் மண்டலம். தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரிக்கு 6. முதல் மூணு எண் பிரிப்பு மாவட்டம், கடைசி மூணு தபால் நிலையம். அவ்வளவுதான் அதோட வேலை. தபால் நிலையத்துல இருந்து வீடு வரைக்கும் கொண்டுபோனது போஸ்ட்மேனோட ஞாபகம். மாசச் சம்பளம், நிரந்தர வேலை, வருஷக்கணக்கா ஒரே பீட். எந்த வீட்டுல யார் துபாய்ல இருக்காங்கன்னு அவருக்குத் தெரியும்.

அப்பவும் தப்பான முகவரி வந்துச்சு. வரலைன்னு யார் சொன்னா? அதுக்காகவே டெட் லெட்டர் ஆபீஸ்னு ஒரு தனி அலுவலகமே தபால் துறையில இருந்துச்சு. கொடுக்க முடியாத கடிதத்தைப் பிரிச்சு, அனுப்பினவர் யாருன்னு கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்ற வேலை. அங்கே உட்கார்ந்திருந்தவங்களுக்கு சம்பளம் உண்டு. அதாவது, முகவரி தப்பா எழுதுறது மனுஷ சுபாவம், அதைச் சரி பண்றது ஒரு வேலை, அந்த வேலைக்குக் கூலி கொடுக்கணும்னு அந்தத் துறை ஒத்துக்கிட்டது. வெள்ளைக்காரன் காலத்துலயே ஒத்துக்கிட்டது! இன்னைக்கு அதே வேலையை வெயில்ல வண்டியை நிறுத்தி, சொந்த போன்ல, சொந்த பெட்ரோல்ல ஒரு இருபத்திரெண்டு வயசுப் பையன் பண்றான். வேலை மறையல, அதுக்கான கூலி மட்டும் மறைஞ்சு போச்சு.

தொழில்நுட்பம் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. 2025 மே மாசம் தபால் துறை டிஜிபின் கொண்டுவந்தது. பத்து எழுத்து-எண் சேர்ந்த குறியீடு, சுமார் நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் சதுரத்தைக் காட்டும். கதவு எண் இல்லாத வாடகை வரிசைக்கு இது நிஜமாவே உதவும், வரவேற்போம். ஆனா எந்த மாடி, யார் நைட் ஷிப்ட், யார் போன் லாக்கர்ல இருக்குன்னு அது சொல்லாது. அதைத் தெரிஞ்சு வெச்சிருக்கிறது இன்னும் அந்தப் பையன்தான்.

இவங்க கொஞ்சநஞ்சம் பேர் இல்ல. 2020-21ல நாடு முழுக்க கிக் தொழிலாளர்கள் 77 லட்சம்னு நிதி ஆயோக் 2022 அறிக்கை கணக்கு சொன்னது. 2029-30ல 2.35 கோடி ஆகும்னும் அதே அறிக்கை சொல்லுது. ராஜஸ்தான் 2023ல தனிச் சட்டம் போட்டது. கர்நாடகா 2025ல போட்டது. தமிழ்நாட்டுல 2023 சுதந்திர தின உரையில அறிவிச்சு, அந்த வருஷக் கடைசியிலயே நல வாரியம் அமைச்சாங்க. 2025-26 பட்ஜெட்டுல 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிச்சாங்க. சென்னை அண்ணா நகர்ல ஏ.சி. ஓய்வறை திறந்தாங்க. நல்ல விஷயம், நல்லதுன்னு சொல்லணும். ஆனா அண்ணா நகர்ல அடிக்கிற அதே வெயில்தான் கும்மிடிப்பூண்டியிலயும் அடிக்குது. இரும்பு உருக்கிற ஆலைப் புகையும் லாரிப் புழுதியும் இங்கே கூடுதல்.

மத்திய அரசோட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020ல நிறைவேறி, 2025 நவம்பர் 21லதான் அமலுக்கு வந்தது. நிறுவனங்கள் ஆண்டு வருவாய்ல 1 முதல் 2 சதவீதம் நிதிக்குக் கொடுக்கணும்னு அதுல இருக்கு. ஆனா தொழிலாளிக்குக் கொடுக்கிற தொகையில 5 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு கம்பெனிக்கு ஒரு வரம்பும் சேர்த்தே வெச்சிருக்காங்க. ரெண்டாவது தடவை கதவைத் தட்டுறதுக்கு என்ன கூலி, வெயில்ல காத்திருக்கிற அரைமணி நேரத்துக்கு என்ன கூலி? சமூகப் பாதுகாப்பு நிதியில இதுக்குப் பதில் கிடையாது.

நாம கேக்குறது பெரிய விஷயம் இல்ல. முகவரி தப்புன்னு நிரூபணமானா அந்தப் பயணத்துக்குக் கூலி கொடு, அதை அவன் தோல்விக் கணக்குல ஏத்தாதே. வாடிக்கையாளர் குறிப்புல சொன்ன இடத்துல வெச்ச பார்சலுக்கு அவன் சம்பளத்தைத் தொடாதே. ஒவ்வொரு சிப்காட் வாசல்லயும் ஒரு பார்சல் அறை கட்டு. அதுல ஃபேன், குடிதண்ணி, கழிப்பறை இருக்கட்டும். ஷிப்ட் முடிச்சு வர்ற தொழிலாளி அங்கேயே வாங்கிக்குவார். உள்ளாட்சி அமைப்புகள் தெருப் பலகையும் கதவு எண்ணும் வைக்கட்டும். வாடகை ரூம் வரிசைக்கும் சேர்த்து.

நம்ம பங்குக்கும் கொஞ்சம் இருக்கு. இன்னைக்கே செயலியைத் திறந்து உங்க முகவரியை ஒருதடவை பாருங்க. பழைய வாடகை வீடு இன்னும் அதுல இருக்கும். பின்கோடைச் சரிபாருங்க. லொகேஷன் புள்ளியை வீட்டு வாசல்ல நின்னு வைங்க. பக்கத்து ரூம் பீகார் தோழருக்கு முகவரி எழுதத் தெரியலன்னா நீங்க எழுதிக் கொடுங்க. அப்புறம் அடுத்த தடவை பார்சலை நீட்டுற தம்பிகிட்ட ஒரு சொம்புத் தண்ணி கொடுத்துட்டு கேளுங்க: "வாரியத்துல பதிஞ்சுட்டியாப்பா?" இல்லைன்னு சொன்னா, ஆதாரையும் பேங்க் பாஸ்புக்கையும் எடுத்துக்கிட்டு நம்ம கிளைத் தோழரைப் பார்க்கச் சொல்லுங்க. தொழிலாளர் நல அலுவலகத்துக்குக் கூடவே போய் பதிஞ்சு கொடுக்கிறது நம்ம பொறுப்பு.