சாய்ந்த கோடும் சிறு கையும்



கடந்த ஓய்வுநாள் பாடசாலையில் நான் செய்த ஒரு தவறை இவ்வாரம் உங்கள் முன் அறிக்கையிட விரும்புகிறேன். ஆங்கிலவழிப் பள்ளிக்குச் செல்லும் நம் சிறு பிள்ளைகளுக்கு உதவியாக, அன்று ‘எக்ஸ்’ என்னும் எழுத்தை ஈர்க்குச்சியால் தாளில் ஒட்டச் சொல்லியிருந்தோம். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கூட்டல் குறிபோல் ஒட்டிவிட்டான். “தம்பி, இது எக்ஸ் அல்லவே, சிலுவை அல்லவா?” என்று நான் வேடிக்கையாகக் கேட்க, வகுப்பே சிரித்தது. அவனோ தாளைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டான்.

தவறு அவனுடையதன்று. குழந்தையின் கைக்கு முதலில் நேர்கோடு வருகிறது, பிறகு வட்டம், அதன்பின் கூட்டல் குறி. இரு சாய்கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் வடிவம் ஏறத்தாழ ஐந்து வயதில்தான் கைகூடுகிறது. ஓசையும் எளிதன்று. சுவர் அட்டையில் இவ்வெழுத்துக்கு நேரே சைலோஃபோன் படம் இருக்கிறது. அச்சொல்லிலோ ‘எக்ஸ்’ ஒலியே இல்லை. பாக்ஸ், ஃபாக்ஸ் என அவ்வொலி சொல்லின் இறுதியில் வரும் சொற்களைக் கற்பிப்பதே நலம்.

இப்படியிருக்க, பென்சிலைத் திணித்து, பிழைக்கு அடித்து, அழகான தாளை மட்டும் படமெடுத்துப் பகிர்வது சரியா? சரியன்று என்பதே என் கருத்து. மானாவாரி நிலத்தில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்க அறிந்தவர்கள் நாம். முளை தாமதித்ததென்று எவரும் நிலத்தை அடிப்பதில்லை.

1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரை நினைத்துப் பாருங்கள். படித்த அந்த வாலிபர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அவர் முயற்சியால் அச்சேறி முடிந்தது. மணலில் பிழை பெரிதன்று. கையால் தடவினால் மறைந்துவிடும்.

ஆகையால் பெற்றோரே, இவ்வாரம் இவற்றைச் செய்து பாருங்கள். தாம்பாளத்தில் மணல் பரப்பி விரலால் எழுதவிடுங்கள். பெரிதாக வரைந்த எழுத்தின்மேல் புளியங்கொட்டைகளை அடுக்கச் சொல்லுங்கள். மூன்று வயதுக்குட்பட்டவர்கள் வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளாதபடி அருகிலேயே இருங்கள். பனையோலைப் பெட்டியின் பின்னலில் இவ்வடிவம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பலன் எப்படியிருப்பினும் சிரிக்காதிருங்கள்.

பிள்ளைகளைத் தடுத்த சீடர்மேல் ஆண்டவர் கோபங்கொண்டதை மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நகைப்பும் ஒரு தடையே என்பதை அன்று உணர்ந்தேன்.

ஆராதனைக்குப் பின் அச்சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கசங்கிய தாளைத் தயங்கித் தயங்கி நீட்டினான். அதைச் சற்றே சாய்த்துப் பிடித்தேன்; அதே ஈர்க்குச்சிகள் ‘எக்ஸ்’ ஆகத் தெரிந்தன. கிரேக்க மொழியில் கிறிஸ்து என்னும் நாமத்தின் முதலெழுத்தும் இவ்வடிவமே என்று சொன்னேன். அவனுக்கு அது விளங்கியிருக்காது. ஆனால் தாளை மறைக்காமல் கையில் பிடித்தபடியே வீட்டுக்குப் போனான்.

நம் பிள்ளைகளின் சிறு கைகளைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. நமக்குப் பொறுமையை அருளுவாராக. ஆமென்.