பெட்டி பாட மறுத்தால்...

கூறைநாட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மயிலாடுதுறைக்கே வராதவர்களும் கூறைப் புடவையை அறிவார்கள், அந்தக் கூறைநாடுதான்.

"மூத்த பெண் ப்ளஸ் டூ படித்தபோது சர்க்கார் கொடுத்த லாப்டாப்பில், என் மாமியார் பாடிய நலங்குப் பாட்டும் ஊஞ்சல் பாட்டும் பதிவு செய்து வைத்திருந்தேன். இப்போது அவர் இல்லை. தை மாதம் இளைய பெண்ணுக்குக் கல்யாணம். பாட்டுக் கேட்கும் ரிதம்பாக்ஸைத் தட்டினால் ஒரு வட்டம் சுற்றுகிறது, நின்றுவிடுகிறது. கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகும் என்கிறார். போடச் சொல்லலாமா?"

வேண்டாம் அம்மா, வேண்டவே வேண்டாம்! அழித்தால் ரிதம்பாக்ஸ் பிழைத்துக்கொள்ளும். மாமியாரின் குரல் போய்விடும்.

1910-ல் உங்கள் ஊரில்தான் பிறந்தார் எம். கே. தியாகராஜ பாகவதர். அவர் பாட்டை அந்தக் காலத்தில் கிராமபோனில் வைத்துக் கேட்டார்கள். பெட்டி சுற்றாவிட்டால் இசைத்தட்டையா உடைத்தார்கள்? சாவியைப் பார்த்தார்கள், முள்ளைப் பார்த்தார்கள். இங்கேயும் தட்டு வேறு, பெட்டி வேறு. பாட்டுகள் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. ரிதம்பாக்ஸ் அவற்றைப் படிக்கும் பெட்டி, அவ்வளவுதான்.

ஆகவே முதல் காரியமாக அந்த ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, பீரோவில் வையுங்கள். லாப்டாப்பில் வி.எல்.சி. இருந்தால் அதில் ஒரு பாட்டைத் திறந்து பாருங்கள். குரல் கேட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

2011-ல் தமிழக அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த பல லாப்டாப்புகளில், விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. நம் நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. லினக்ஸில் ஒரு நல்ல குணம்: கேட்டால் குறையைச் சொல்லும். படத்தைத் தட்டும்போது மௌனமாக இருக்கும் ரிதம்பாக்ஸ், வேறோர் இடத்தில் வாய் திறக்கும். மெனுவில் டெர்மினல் என்ற ஜன்னல் இருக்கிறது. அதைத் திறந்து, ரிதம்பாக்ஸ் என்ற பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து என்டரைத் தட்டுங்கள். வருகிற வரிகளைக் கண்டு மிரளாமல், ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றுமே வராவிட்டால், முன்பு திறந்த ரிதம்பாக்ஸ் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கலாம். லாப்டாப்பை அணைத்துப் போடுங்கள். மூடியைச் சாத்துவது அணைத்ததாகாது! இடமில்லை என்று வந்தால் குப்பைத்தொட்டியைக் காலி செய்யுங்கள். அதற்குள் என்ன கிடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு.

ரிதம்-டிபி என்ற பெயர் தென்பட்டால், சங்கதி வேறு. அது ரிதம்பாக்ஸ் எழுதி வைக்கும் பாட்டுப் பட்டியல். பழைய லாப்டாப்பில் பாட்டரி செத்திருக்கும். மின்சாரம் போன நொடியிலேயே அதுவும் போகும். எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி நேர்ந்தால் பட்டியல் சிதைந்துவிடக்கூடும். உங்கள் வீட்டில் நடந்தது இதுவாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ரிதம்பாக்ஸை மூடிவிட்டு, உங்கள் ஹோம் ஃபோல்டரைத் திறந்து கண்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்துங்கள். மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். முன்னால் புள்ளி வைத்த லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் ரிதம்பாக்ஸ். அங்கே அந்தப் பட்டியல் கோப்பு இருக்கும். அதை அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள். மறுபடி திறந்தால் ரிதம்பாக்ஸ் புதுப் பட்டியல் தொடங்கும். பாட்டு ஃபோல்டரை அதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும். நீங்கள் போட்ட நட்சத்திரக் குறிகளும், எத்தனை தரம் கேட்டீர்கள் என்ற கணக்கும் போய்விடும். பாட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது.

இதற்கும் மசியவில்லை என்றால், காகிதத்தில் எழுதிய வரிகளை அப்படியே எனக்கு அனுப்புங்கள். மசிந்துவிட்டால், முதலில் ஒலித்தது நலங்கா, ஊஞ்சலா என்று ஒரு கார்டு போடுங்கள்.