அடுப்பருகே ஒரு செபம்



கடையில் உண்பதைப் பற்றியா குருவானவர் எழுதுவது என்று சிலர் புன்முறுவல் பூக்கலாம். பூக்கட்டும். நல்ல உணவை நாமும் விரும்புவோம் என்பதை மறைப்பானேன்?

அன்று சனிக்கிழமை மாலை. நாரணாபுரத்தில் நோயாளி ஒருவருக்கு நற்கருணை வழங்கிவிட்டுத் திரும்புகையில், நமக்கு நெடுநாள் பழக்கமான சாலையோரப் புரோட்டாக் கடையின் மணம் நம்மைத் தடுத்து நிறுத்தியது. விருதுநகர் வட்டாரத்து எண்ணெய்ப் புரோட்டாவை அறியாதார் யார்? பிசைந்து ஊறிய மைதா மாவை மெல்லிய துணிபோல் வீசி விரித்து, சுருட்டித் தட்டி, எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்தெடுக்கிறார்கள். சால்னா ஊற்றியவுடன் உண்ண வேண்டும். வீட்டுக்குக் கட்டிச் சென்றால் பாதிச் சுவை வழியிலேயே போய்விடும்.

சுடச்சுட உண்ணும் இவ்வின்பம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் பங்கு இளைஞர் ஒருவர், விடுமுறையில் வந்தபோது, கேலாங் சிராய்ச் சந்தையின் மலாய்க் கடைகளைப் பற்றி நாவூறச் சொன்னார். தேங்காய்ப் பாலில் வெந்த சோற்றோடு நெத்திலியும் வேர்க்கடலையும் சம்பலும் சேர்ந்த நாசி லெமாக். கரி நெருப்பில் வாட்டியெடுத்த சாத்தே இறைச்சி. அந்நாட்டின் உணவங்காடிப் பண்பாட்டை 2020-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. பல இனத்தாரும் பல மதத்தாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து உண்பதே அதன் பெருமை என்றார் அவர். நம் நாரணாபுரத்துப் பெஞ்சுக்கும் அப்பெருமை உண்டு. அங்கே அருகில் அமர்பவரை, எந்தத் தெரு என்று எவரும் கேட்பதில்லை.

அப்பெஞ்சில்தான் அன்று நாம் தலைகுனிந்தோம். இலையில் புரோட்டா விழுந்ததும் உண்ணத் தொடங்கிவிட்டோம். சிலுவை அடையாளம் வரையக் கை எழவில்லை. பசி ஒரு காரணம். கூட்டத்தின் நடுவே கூச்சம் மற்றொரு காரணம். எதிரே ஒரு பட்டாசுத் தொழிலாளி. விரல்களில் மருந்தின் வெள்ளி நிறம் இன்னும் மறையவில்லை. அவர் நிதானமாகச் சிலுவை அடையாளம் வரைந்து, கண்மூடிச் செபித்த பின்னரே இலையில் கை வைத்தார்.

உண்டு முடித்தபின் அவரிடம் பேச்சுக் கொடுத்தோம். அவர் சொன்னார்: "சாமி, பகல் முழுக்க நெருப்பு வந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே வேலை செய்யிறோம். சாயங்காலம் நல்லபடியா வந்து இந்த நெருப்புப் பக்கத்துல உட்கார்றப்ப, நன்றி சொல்லாம எப்படிச் சாமி சாப்பிடுறது?"

ஒரு தீக்குச்சியைக்கூட உள்ளே கொண்டுபோகக் கூடாத இடத்தில் உழைப்பவர் அவர். ஒரு பொறியால் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது என்பதை இப்பகுதிக் குடும்பங்கள் அறியும். அவருக்கு ஒரு வேளை உணவென்பது, அன்றைய நாள் உயிரோடு முடிந்தது என்பதற்கு அடையாளம்.

அருளப்பர் நற்செய்தியில் கரி நெருப்பு இருமுறை வருகிறது. முதல் நெருப்பருகே குளிர்காய்ந்த இராயப்பர், சுற்றி நின்றோருக்கு அஞ்சி ஆண்டவரை மறுதலித்தார். இரண்டாவது நெருப்பைத் திபேரியாக் கடற்கரையில் மூட்டியவர் உயிர்த்த ஆண்டவரே. இரவெல்லாம் உழைத்துக் களைத்தவர்களுக்கு மீனும் அப்பமும் சூடாக்கி, உண்ண அழைத்தார். அன்று கடையில் நாம் முதல் நெருப்பருகே இருந்தோம். அத்தொழிலாளியோ இரண்டாவது நெருப்பருகே இருந்தார்.

வீட்டில் செபம் சொல்லி உண்ணும் குடும்பங்களே, கடையிலும் அவ்வாறே செய்வோம். அடுப்பின்முன் நின்று நமக்குச் சூடாகப் பரிமாறிவிட்டு, கடை அடைத்தபின் ஆறியதை உண்ணும் புரோட்டா மாஸ்டருக்காகவும் அச்செபத்தில் ஒரு வார்த்தை சேர்ப்போம்.

இப்போதெல்லாம் அக்கடையில் நாம் சிலுவை அடையாளம் வரைந்தே உண்கிறோம். அதற்குள் புரோட்டா சற்றே ஆறத்தான் செய்கிறது. ஆயினும் சுவை குறைந்ததாகத் தெரியவில்லை.