சோதனை யாருக்காக? சம்மதம் யாருடையது?

தொழிற்சங்கப் பத்திரிகைக்குக் கருக்கலைப்பு மருந்து பற்றி என்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்கலாம். நாட்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு உடம்புதான் முதல். அந்த உடம்பைப் பற்றி யார் முடிவெடுப்பது என்பது எமது கேள்விதான்.

ஆரம்ப வாரங்களில் கருவைக் கலைக்க, மிஃபெப்ரிஸ்டோனும் அதைத் தொடர்ந்து மிசோபுரொஸ்டோலும் கொடுப்பதே இன்று உலகெங்கும் அறியப்பட்ட முறை. மிஃபெப்ரிஸ்டோனுக்கு 1988இல் பிரான்ஸ் அனுமதி வழங்கியது. முதலில் 600 மில்லிகிராம் கொடுத்தார்கள். 200 மில்லிகிராமே போதும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் சோதனைகள் காட்டின. மருந்து மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இத்தகைய சோதனைகளின் பயன் ஏழைப் பெண்ணுக்கே முதலில் சேர வேண்டும். மருந்து மலிந்தால், கிளினிக்கிற்குப் போகும் தடவை குறைந்தால், அவளுடைய ஒரு நாள் சம்பளம் மிஞ்சும்.

மிஃபெப்ரிஸ்டோன் கிடைக்காத நாடுகளுக்காக வேறு வழிகளும் சோதிக்கப்படுகின்றன. வயிற்றுப் புண்ணுக்காக உருவான மிசோபுரொஸ்டோலைத் தனியாகக் கொடுப்பது ஒன்று. அதற்கு முன் லெட்ரோசோல் கொடுப்பது இன்னொன்று. இரண்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டி ஏற்றுள்ளது. அவசர கருத்தடை மாத்திரையாகப் பாவிக்கப்படும் யூலிப்ரிஸ்டலை, கூடிய அளவில் மிசோபுரொஸ்டோலுடன் சேர்த்துக் கொடுத்த மெக்சிகோ நகர ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. பங்கேற்ற 133 பெண்களில் 97 வீதமானோருக்கு அது பலித்தது. சிறிய ஆய்வுதான், இன்னும் பெரிய ஆய்வுகள் தேவை. ஆனாலும் 2007இல் அந்த நகரம் சட்டத்தை மாற்றியிராவிட்டால் அந்த ஆய்வே நடந்திருக்காது.

இங்கே நிலை என்ன? 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை; கரு அசையத் தொடங்கிய பின் என்றால் ஏழு ஆண்டு வரை. 1995இலும் 2017இலும் நடந்த திருத்த முயற்சிகள் சட்டமாகவில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கும் விலக்கு இல்லை. வசதியுள்ளவர் தனியாரிடம் வழி தேடுகிறார். கூலிப்பெண் யாரோ இரகசியமாகக் கொடுக்கும், அளவும் பெயரும் தெரியாத மாத்திரையை விழுங்குகிறாள்.

மறுபக்கத்தையும் நாம் மறக்கவில்லை. 1980களில் தோட்டங்களில் காசு கொடுத்துக் கருத்தடை சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. வறுமையில் இருப்பவள் காசுக்காகச் சொல்லும் 'சரி' சுதந்திரமான சம்மதமாகுமா? 1958, 1977, 1983 வன்செயல்களில் விரட்டப்பட்ட எம்மவர் பலர் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். 2013 ஆகஸ்டில் அதே கிளிநொச்சி மாவட்டத்தில் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், சரியான விளக்கமின்றித் தாய்மாரின் கையில் கருத்தடைக் குச்சி பொருத்தப்பட்டதாகப் புகார் எழுந்தது. போர் ஓய்ந்து நான்கே ஆண்டுகள். அரச சுகாதாரத்தைத் தவிர வேறு வழியில்லாத பெண்கள் அவர்கள்.

பெறாதே என்று குச்சி வைப்பதும், பெற்றே ஆக வேண்டும் என்று சிறையைக் காட்டுவதும் ஒரே நோயின் இரு பக்கங்கள். இரண்டிலும் பெண்ணை யாரும் கேட்பதில்லை.

ஆகவே நாம் கோருகிறோம்: சட்டம் திருத்தப்பட வேண்டும். எந்த மருந்தானாலும், எந்த ஆய்வானாலும், பெண்ணுக்கு விளங்கும் தமிழில் விளக்கி, மறுக்கும் உரிமையையும் சொல்லி, சம்மதம் பெற வேண்டும். எமது பெண்களைக் கொண்டு சோதித்த மருந்து எமது பெண்களுக்கும் கிடைக்க வேண்டும்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கடும் இரத்தப்போக்கோ, காய்ச்சலோ, தாங்க முடியாத வயிற்று வலியோ வந்தால் பயத்தில் வீட்டில் கிடக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன நடந்திருந்தாலும் சிகிச்சை பெறுவது உங்கள் உரிமை. துணைக்கு ஆள் தேவையானால் சங்கத்தின் மகளிர் தோழிகளைக் கூப்பிடுங்கள். கேள்வி கேட்காமல் கூட வருவார்கள்.