விருந்துக்கு அழைப்பதில் என்ன பிழை?

துறை விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினருக்கு எங்கள் மாணவி ஒருத்தி எழுதிய ஆங்கிலக் கடிதம் ஆசிரியர் அறையில் கைமாறி நம்மிடம் வந்தது. 'இன்வைட் யூ ஃபார் லஞ்ச்' என்ற தொடரில் 'ஃபார்' அடிக்கப்பட்டு, மேலே 'டு' என்று சிவப்பு மையால் எழுதப்பட்டிருந்தது. கூடவே ஒரு சிரிப்பும் கேட்டது. அடுத்த கடிதத்தை எழுத அந்த மாணவி மறுத்துவிட்டாள். அந்தச் சிரிப்போடுதான் நமக்கு வழக்கு.

முதலில், அது பிழையே அன்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் இரண்டையும் எழுதுகிறார்கள். 'டு' விருந்தைச் சென்று சேரும் நிகழ்ச்சியாகப் பார்க்கிறது. 'ஃபார்' அதை வருகையின் நோக்கமாகப் பார்க்கிறது. நம் நான்காம் வேற்றுமையோ இரண்டையும் ஒரே 'கு' உருபில் அடக்கிவிடுகிறது. 'ஊருக்கு வந்தான்' என்பதில் சேருமிடம். 'கூலிக்கு வேலை செய்தான்' என்பதில் நன்னூலார் சொல்லும் 'பொருட்டு'. 'விருந்துக்கு வந்தான்' என்பதில் இரண்டுமே உண்டு. இப்படிச் சொல்லிக்கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

எப்படியும் எழுதலாம் என்று நாம் வாதிடவில்லை. 'டின்னர் பார்ட்டி', 'வெட்டிங்' என நிகழ்ச்சியின் பெயரே வந்துவிட்டால் 'டு'தான் இயல்பு. 'வீ ஆர் ஹேவிங் யூ ஃபார் டின்னர்' என்றால் விருந்தினரையே சமைத்து உண்ணப்போவதாகவும் பொருள்படும். ஆங்கிலம் பேசுவோரே சொல்லிச் சிரிக்கும் பழைய வேடிக்கை இது. 'யூ'வுக்குப் பின் ஓர் 'ஓவர்' சேர்த்தால் விருந்தினர் பிழைத்துக்கொள்வார். கற்பிக்க வேண்டியவை இவை. இவற்றை விட்டுவிட்டுப் பிழையில்லாத இடத்தில் கோடு கிழிப்பதற்குப் புலமை தேவையில்லை, பதவி போதும்.

'டு'வுக்குச் சான்றாக, ஸ்டான்லி கிராமர் இயக்கி 1967இல் வெளிவந்த 'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்' படத்தின் தலைப்பைக் காட்டினார் நண்பர் ஒருவர். 'டு' சரி என்பதற்கு அது சான்றுதான். 'ஃபார்' தவறு என்பதற்கு எப்படிச் சான்றாகும்? தவிரவும், ஒரு வெள்ளையர் வீட்டு மேசையில், மருமகனாக வர விரும்பும் கறுப்பின மருத்துவர் அமரலாமா என்பதல்லவா அப்படம் கேட்ட கேள்வி!

விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். படைப்பதும் விருந்து, வருபவரும் விருந்து. நம் முகம் சற்று மாறினாலே அவர் வாடிவிடுவார் என்று எச்சரித்தவர் வள்ளுவர். ஒரு மொழிக்குள் புதிதாக அடியெடுத்து வைப்பவளும் விருந்துதான். அவளைப் பார்த்து நகைப்பவர்கள் விருந்துக்கு அழைக்கும் இலக்கணத்தை நமக்குச் சொல்லித்தர வேண்டாம்.