கேட்டதும் சொல்லும் வாத்தியார்

"டியூஷனுக்கு எதுக்குக் காசு? போனே எல்லாத்தையும் சொல்லிக் குடுக்குதே!"

ஆந்திர எல்லையோர ஊத்துக்கோட்டைப் பக்கம் மட்டுமல்ல, ஊருக்கு ஊர் பெற்றோர் வாயில் இன்று சகஜமாக வரும் பேச்சு இது. பிள்ளை கணக்குப் புத்தகத்தைப் படம் பிடிக்கிறான். சாட்ஜிபிடியோ ஜெமினியோ வரிவரியாக விடையை இறக்குகிறது. அவன் அதை நோட்டில் ஏற்றுகிறான். வீட்டுப்பாடம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, அம்மாவுக்கும் நிம்மதி. செயற்கை நுண்ணறிவு கையில் இருந்தால் பிள்ளை தானாகப் படித்துக்கொள்வான் என்ற நம்பிக்கை, இப்படி நிறையும் நோட்டைப் பார்த்துத்தான் வளர்கிறது. நோட்டு நிறைந்தது உண்மை. யார் நிறைத்தது?

துருக்கியில் சுமார் ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு அது. கேட்டதைச் சொல்லும் சாதாரண ஜிபிடி-4 கிடைத்த மாணவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். பிறகு அதை வாங்கி வைத்துவிட்டுத் தேர்வு நடத்தினால், அந்தக் கருவியைத் தொட்டே பார்க்காத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவு! இன்னொரு பிரிவுக்கு, விடையை மறைத்து ஆசிரியர்கள் தயாரித்த குறிப்பை மட்டும் சொல்லும்படி மாற்றிய கருவியைக் கொடுத்தார்கள். அவர்களிடம் இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. கருவி இல்லாதவர்களை அவர்கள் தேர்வில் முந்திவிடவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் போனைப் பிடுங்கிப் பரணில் வைத்துவிடலாமா? அதுவும் அவசரக் குடுக்கைத்தனம்.

டெல்லியில் 2015இல் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளை வைத்துப் பள்ளி முடிந்த பின் வகுப்பு நடத்தினார்கள். பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் இன்னும் இரு ஆய்வாளர்களும் அதை ஆராய்ந்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் எவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று ஒரே வாத்தியார் எப்படிக் கண்டுபிடிப்பார்? மென்பொருள் ஒவ்வொருவனையும் அவன் நிற்கும் படியிலேயே பிடித்து, அங்கிருந்து கேள்வி கேட்டது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம். ஆனால் விளம்பரக்காரர்கள் சொல்லாத சேதி ஒன்று உண்டு. அந்த ஒன்றரை மணி நேர வகுப்பில் பாதிதான் கணினி. மீதிப் பாதி, சின்னக் குழுவாக உட்கார்த்திவைத்து ஒரு பயிற்றுநர் நடத்தியது.

தமிழ்நாட்டுக் கதையும் ஏறக்குறைய இதுதான். கொரோனா காலத்தில் பிள்ளைகளின் படிப்பு போனையும் கல்வித் தொலைக்காட்சியையும் நம்பியே கிடந்தது. 2021 அக்டோபரில் அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் வந்தது. செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை. தெருவிலேயே இருக்கும் ஓர் அக்கா, மாலையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். கிராமப்புறப் பிள்ளைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்திலேயே மீண்டது. அந்த மீட்பில் சுமார் கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்று ஓர் ஆய்வு சொல்கிறது. "எப்படிடா வந்துச்சு இந்த விடை?" என்று கேட்க அந்த அக்கா இருந்தாள். போன் அந்தக் கேள்வியைத் தானாகக் கேட்காது, கேட்கச் சொன்னால்தான் கேட்கும்.

கேட்கச் சொல்லலாமே. விளக்கவும் சொல்லலாம். எல்லையோர ஊரான ஊத்துக்கோட்டையில் வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் என்று வளரும் பிள்ளைகள் உண்டு. தமிழ்ப் புத்தகத்தில் புரியாத ஒரு பத்தியைத் தெலுங்கில் விளக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, புரிந்ததைத் திரும்பத் தமிழில் தானே எழுதிப் பார்க்கும் பிள்ளைக்கு இந்தக் கருவி ஒரு வரம்தான்.

தொழில் கற்பவர்கள் கதைக்கு வந்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். இந்தச் சுற்றுவட்டாரத்துப் பையன்களுக்கு கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் தொழிற்பேட்டைகள்தான் வேலை வாசல். இப்படிப்பட்ட வேலைக்குப் பழக்கும் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் தமிழ்நாடு அரசு புதுப்பித்திருக்கிறது. புது இயந்திரம் வந்தாலும் பிட்டர் மாணவன் கையில் முதலில் ஏறுவது வெர்னியர் காலிப்பர் என்ற அளவுக்கருவிதான். வெர்னியரின் பூஜ்யம் 24ஐத் தாண்டி நிற்கிறது, 15ஆவது கோடு நேராகப் பொருந்துகிறது, ஒரு கோட்டுக்கு 0.02 என்றால் அளவு 24.30 மில்லிமீட்டர். புதிதாக வருபவன், கோடு பொருந்தும் இடத்துக்கு மேலே இருக்கும் எண்ணையே முதன்மை அளவாக எடுத்துக்கொண்டு திணறுவான். "விடை சொல்லாதே, பத்து அளவு கொடு, நான் தப்பு செய்த இடத்தை மட்டும் காட்டு" என்று போனிடம் சொன்னால் ராத்திரி பூரா சலிக்காமல் பழக்கிவிடும்.

காலையில் ஒர்க் ஷாப்பில் உருளைக் கம்பி அவன் கையில் இருக்கும். தாடையைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் அதே கம்பி 24.24 காட்டும். பக்கத்தில் நிற்கும் இன்ஸ்ட்ரக்டர் அளவைப் பார்க்க மாட்டார். அவன் பெருவிரலைத்தான் பார்ப்பார்.